கோடு பிலிமில் இருக்கிறதா, ஸ்கேனரில் இருக்கிறதா? நெகட்டிவ் ஸ்கேன் செய்தவர்களின் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

அப்பா ஸ்டுடியோ நடத்தியவர். அவர் போன பிறகு மாடி அறையைத் திறந்தால் நாலு தகரப் பெட்டி நிறைய நெகட்டிவ். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஒவ்வொன்றும் பட்டர் பேப்பர் கவரில், கவரின் மேல் ரசீது எண்ணும் ஊர்ப் பெயரும் அப்பாவின் கையெழுத்தில். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் விற்ற பிலிம் நிறைய வாங்கியிருக்கிறார் என்று அவருடைய கணக்கு நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்று வருடமாக இரவு நேரத்தில் உட்கார்ந்து இவற்றை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். இந்த வேலையில் ஒருவர் பட்ட அவஸ்தை இன்னொருவருக்கு ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும்.

என்னிடம் இருப்பது மூடியில் விளக்கு உள்ள தட்டை ஸ்கேனர். 120 என்கிற அகலமான பிலிமில் எடுத்த ஒரு கல்யாண குரூப் போட்டோவை அதில் வைத்தேன். மாப்பிள்ளையின் தோளில் தொடங்கி வேட்டிக் கரை வரைக்கும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. மென்பொருளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஸ்கேன் நுணுக்கத்தை 2400 டிபிஐயிலிருந்து 1200 ஆக்கினேன், கேபிளை மாற்றினேன், கண்ணாடியின் நடுப்பகுதியைப் பத்து தடவை துடைத்தேன். கோடு அசையவில்லை. சரி, பிலிமில்தான் கீறல் விழுந்திருக்கிறது, தண்ணீரில் போட்டுக் கழுவிப் பார்த்துவிடலாம் என்று தட்டில் தண்ணீர் எடுத்து வைக்கிற வரைக்கும் போய்விட்டேன்.

அன்றைக்கு அப்பாவோடு டார்க் ரூமில் வேலை பார்த்த பெரியவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, பிலிமைத் தலைகீழா திருப்பி வச்சுப் பாத்தியா?"

திருப்பி வைத்தேன். கோடு மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பெண்ணின் அக்கா மேல் விழுந்தது. ஸ்கேனர் தட்டில் பார்த்தால் அதே இடம். அப்படியானால் பிலிமில் ஒரு குறையும் இல்லை, கோடு இயந்திரத்தினுடையது.

காரணம் இதுதான். பிலிமைப் பிடிக்கிற ஹோல்டரின் ஒரு முனையில், பிலிமே வராத இடத்தில், நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். ஸ்கேன் தொடங்குவதற்கு முன்னால் சென்சார் அந்தத் திறப்பு வழியாக விளக்கைப் பார்த்துத் தன்னைச் சரி செய்துகொள்கிறது. தன்னுடைய ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அங்கேதான் அளந்து வைத்துக்கொள்கிறது. அந்த இடத்துக் கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால், அங்குள்ள புள்ளி "எனக்கு வெளிச்சம் குறைவு" என்று எடுத்துக்கொண்டு, ஸ்கேன் முடிகிற வரைக்கும் அந்த வரிசையின் வெளிச்சத்தைக் கூட்டியே காட்டும். நெகட்டிவில் வெளுத்த கோடு, பாசிட்டிவாக மாறும்போது கறுப்புக் கோடு. நான் படம் இருக்கிற இடத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திறப்புக்கு நேர் கீழே, நான் துடைத்த துணியிலிருந்தே உதிர்ந்த ஒரு பஞ்சு இழை, கண் இமை முடியில் பாதி அளவு, ஒட்டிக்கொண்டிருந்தது. தூசி ஊதுகிற ரப்பர் காற்று பல்பை இரண்டு தடவை அழுத்தினேன், போய்விட்டது.

அதிலிருந்து எந்தக் குறை வந்தாலும் முதல் வேலை பிலிமைத் திருப்பி வைப்பதுதான். குறை பிலிமோடு நகர்ந்தால் அது பிலிமினுடையது. நின்ற இடத்திலேயே நின்றால் இயந்திரத்தினுடையது. அது தெரிகிற வரைக்கும் எதையும் கழுவாதீர்கள், எதையும் அழித்து நிறுவாதீர்கள்.

*

கோவையிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்னதோடு இன்னொரு வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னுடைய குறை பிலிமிலும் இல்லை, இயந்திரத்திலும் இல்லை. நான் டிக் அடித்த ஒரு கட்டத்தில் இருந்தது.

ஆச்சியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஸ்கேன் செய்தேன். முகம் மெழுகு உருகின மாதிரி வந்தது. மூக்குத்தியே காணோம், புருவத்தின் ஓரத்தில் திட்டுத்திட்டாகக் குழப்பம். பிலிம் கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. பிலிம் நன்றாகத்தான் இருந்தது. கலர் நெகட்டிவுக்காகப் போட்டு வைத்த டிஜிட்டல் ஐஸ் என்கிற, தானாகத் தூசி நீக்கும் வசதியை நான் அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

அது அகச்சிவப்பு ஒளியில் ஒரு தடவை தனியாகப் பார்க்கிறது. கலர் பிலிமில் படம் சாயத்தால் ஆனது, அந்த ஒளி சாயத்தை ஊடுருவிப் போய்விடும். தூசியும் கீறலும் மட்டும் மறிக்கும், எது தூசி என்று மென்பொருள் பிரித்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பை மறித்துவிடுவதால் ஆச்சியின் கண்ணையும் மூக்குத்தியையும் தூசி என்று நினைத்து மென்பொருள் பூசி மெழுகிவிடுகிறது. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி, கலர் பிலிம் கழுவுகிற சி-41 முறையில் கழுவுகிற கறுப்பு வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் கடைசியில் மிஞ்சுவது சாயம்தான். மற்ற கறுப்பு வெள்ளைக்கெல்லாம் அதை அணைத்துவிடுங்கள். தூசியைத் தூரிகையால் தட்டி எடுங்கள், மிச்சத்தைக் கையால் டச்சப் செய்யுங்கள்.

கலர் ரோலில் எனக்கு வேறு தலைவலி. ஒரே கல்யாணம், ஒரே அரக்குப் புடவை. ஒரு படத்தில் அரக்கு, அடுத்ததில் மிளகாய்ப்பழச் சிவப்பு, அதற்கடுத்ததில் கத்தரிக்காய் நிறம். மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகப் பார்த்து நிறம் முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். நான் வியூஸ்கேன் என்கிற ஸ்கேன் மென்பொருள் வைத்திருக்கிறேன். அதில் ரோலின் படம் விழாத வெறும் ஆரஞ்சுப் பகுதியை முதலில் பிரிவியூ பார்க்க வேண்டும். வெளிச்ச அளவைப் பூட்டுகிற லாக் எக்ஸ்போஷரைப் போட்டு மறுபடி பிரிவியூ, அப்புறம் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பூட்டுகிற லாக் பிலிம் பேஸ் கலர். அந்த ரோல் முழுக்க அதே கணக்கில் ஓடும். கிராப் செய்யும்போது ஹோல்டரின் கறுப்பு விளிம்பு உள்ளே வந்துவிடக் கூடாது. துளி வந்தாலும் கணக்கு மாறும். புடவை இப்போது எல்லாப் படத்திலும் ஒரே புடவையாக இருக்கிறது.

*

சிங்கப்பூரிலிருந்து:

என் சித்தப்பா 1970களில் எடுத்த கோடாக்ரோம் (கோடாக்கின் கலர் பிலிம்) ஸ்லைடுகள் என்னிடம் இருக்கின்றன. கோவை அக்கா சொன்ன டிஜிட்டல் ஐஸ் இவற்றிலும் கவனமாகப் போட வேண்டியது. கோடாக்ரோமில் வெள்ளி மிஞ்சுவதில்லை. ஆனால் அதன் சாயம் அகச்சிவப்பைக் கொஞ்சம் மறிக்கிறது. இருண்ட பகுதிகளில் நுணுக்கம் கரைந்துபோனதை நானே பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது வேறு. பழைய 35 எம்எம் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். பிரகாசமான வானம் இருக்கிற படங்களில் எல்லாம், மரக்கிளையைச் சுற்றிப் பனி மூட்டம் மாதிரி ஒரு வெளுப்பு. சித்தப்பாவின் லென்ஸ் அப்படி என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து, ஸ்லைடின் அட்டைச் சட்டத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து பார்த்தபோதுதான் புரிந்தது. வானத்தின் வெளிச்சம் சட்டத்தின் மேலும் கசிந்திருந்தது. சட்டம் ஒளி புகாத அட்டை. அதற்குள் வெளிச்சம் வர சித்தப்பாவின் லென்ஸால் முடியாது. கசிவு ஸ்கேனருக்குள்தான்.

உள்ளே ஒளியைத் திருப்பிவிடுகிற கண்ணாடியில் வருடக்கணக்கான தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். இந்தக் கண்ணாடிக்குப் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கும், வீட்டுக் கண்ணாடி மாதிரி பின்னால் இல்லை. அழுத்தித் துடைத்தால் பூச்சே வந்துவிடும். முதலில் காற்று பல்ப். அப்புறம் லென்ஸ் துடைக்கிற தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, தாளின் எடை மட்டும் படுகிற மாதிரி ஒரே இழுப்பு. கை நடுங்கினால் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள், பரவாயில்லை. அந்த ஆறு மாதத்தில் செய்த எல்லா ஸ்லைடையும் திரும்பச் செய்தேன். கிளைகள் கூர்மையாக, கறுப்பாக, வானத்தில் தனியாக நின்றன.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணை, எங்கட வீட்டில் மிஞ்சினது 41 நெகற்றிவ்தான். இடம்பெயர்ந்தபோது அம்மா உடுப்புப் பையின் அடியில் வைத்துக்கொண்டு வந்தவை. அதனால் ஒன்றைத் தொடவே எனக்குப் பயம்.

எல்லாம் சுருண்டு கிடந்தன. ஹோல்டரில் நடுப்பகுதி தொய்ந்து ஸ்கானர் கண்ணாடியில் முட்டியது, முட்டிய இடத்தில் தண்ணீரில் எண்ணெய் விட்டது போல வளையங்கள். பிலிமின் மினுங்கும் பக்கம் கண்ணாடியில் படும்போதுதான் இது அதிகமாக வரும். மங்கலான பக்கத்தைக் கண்ணாடிப் பக்கம் வைத்து, படத்தைப் பிறகு கொம்பியூட்டரில் இடவலம் மாற்றிக்கொண்டேன். வளையம் போய்விட்டது. அதற்கு முன் சுத்தமான தாள்களுக்கு நடுவில், பாரமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு கிழமை (வாரம்) வைத்திருந்தேன். அவசரப்பட்டு எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்த வேண்டாம், மேற்பூச்சு வெடித்துவிடும்.

அதோடு, பெட்டியைத் திறக்கும்போது காடி (வினிகர்) வாசம் வந்தால் அந்தப் பிலிமை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பிலிமின் அசிற்றேற் பிளாஸ்ரிக் அடித்தளம் சிதையத் தொடங்கினால் வருகிற வாசம் அது. அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். முதலில் ஸ்கான் செய்ய வேண்டியவையும் அவைதான்.

*

மறுபடி கும்பகோணத்திலிருந்து:

யாழ்ப்பாணத் தம்பி, அந்த 41-ஐயும் நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு, சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது பெட்டியில் ஸ்டுடியோவில் உட்கார வைத்து எடுத்த முகப் படங்கள், எல்லாம் கால் பிளேட் அளவு (கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு) பிலிம். ஸ்கேன் செய்து நூறு சதவீதத்தில் பெரிதாக்கினால் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் குட்டிக் குட்டிக் கோடுகள், காற்புள்ளி போல வளைந்து, நெருக்கமாக. படத்தைக் கூராக்கும் ஷார்ப்பனை அணைத்தேன், வேறு இரண்டு மென்பொருளில் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. அப்புறம் வழக்கம் போலப் பிலிமைத் திருப்பி வைத்தேன். கோடுகள் முகத்தோடு கூடவே போயின. சரி, பிலிமில்தான் அழுக்கு என்று முடிவு செய்து, பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஒரு அம்மாவின் வலது கன்னத்தைத் துடைத்தேன். பஞ்சில் சாம்பல் நிறம் வந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுபடி ஸ்கேன் செய்தபோது அந்தக் கன்னத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன. இடது கன்னம் மட்டும் வழவழவென்று இருந்தது.

பிலிமை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். மங்கலான பக்கத்தில் பென்சில் மினுங்கியது. அப்பாவின் டச்சிங் வேலை. சாய்வு மேசையில் தேய்த்த கண்ணாடிக்கு மேல் நெகட்டிவை வைத்து, உப்புத்தாளில் ஊசி மாதிரி சீவின பென்சிலால் இரவெல்லாம் அவர் குனிந்திருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். தழும்பும் கருவளையமும் அப்படித்தான் மறையும். பென்சில் பிடிப்பதற்காக மேலே மீடியம் என்கிற ஒரு பூச்சைத் தடவியிருப்பார்கள். ஆல்கஹாலில் அது கரைந்து, பென்சிலையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

என் கையாலேயே துடைத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

எனவே ஸ்டுடியோ நெகட்டிவ் வைத்திருக்கிறவர்கள் எந்தத் திரவத்தையும் தொடுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான பக்கத்தில் பென்சில் மினுக்கமோ, தூரிகையால் தடவிய சிவப்புச் சாயமோ தெரிந்தால் காற்று பல்ப் மட்டும் போதும். கோடுகளைக் கம்ப்யூட்டரிலும் அழிக்க வேண்டாம். அவை நூறு சதவீதத்தில் பார்ப்பதற்காகப் போட்டவை அல்ல. அப்பா போட்டுக் கொடுத்த அளவிலேயே, கையில் பிடிக்கிற சின்ன பிரிண்டாகப் போட்டுப் பார்த்தேன். கோடெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, முகம் அப்படியே துலங்கியது.

அந்த அம்மாவின் நெகட்டிவைத் தனிக் கவரில் போட்டு, வலது கன்னம் நான் துடைத்தது என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது பெட்டியில் இன்னும் 160 இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இப்போது ஜன்னலுக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் ஸ்கேனரில் வைக்கிறேன்.