மறு: ராக்கபில்லிக்கு 'பட்டிராக்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ராக்கபில்லி என்ற அமெரிக்க ராக் இசை வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிவருகிறோம். அதற்கு முன்பு வந்த 'மலைப்பாறை இசை' என்ற பரிந்துரையில் பாறையை எடுத்துவிட வேண்டும். ராக் அண்ட் ரோலில் வரும் ராக் கல் அல்ல. தொட்டிலை ஆட்டுகிறோமே, அந்த ஆட்டம். ராக் என்ற சொல் நம் பேச்சில் கலந்து வெகுநாளாகிறது, அப்படியே இருக்கட்டும். நமக்கு வேலை 'பில்லி'யில்தான்.

அது ஹில்பில்லியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் தெற்கத்தி மலைக் கிராமத்தாரை நகரத்தார் இளக்காரமாகச் சொன்ன சொல். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் அவர்கள் பாட்டை அந்தப் பெயரிலேயே விற்றன. பிறகு அந்தப் பாட்டும் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து 1950களில் ராக்கபில்லி பிறந்தது. ஆக, அந்தச் சொல்லில் மலையைவிட ஏளனமே கனமாக இருக்கிறது. தமிழில் அதே கனம் 'பட்டிக்காட்டான்' என்ற சொல்லுக்கு உண்டு. அதனால்தான் 'பட்டிராக்' என்கிறேன்.

ராக்கபில்லி பாடும் ஓர் உக்ரைன் குழுவுக்கும் இது பொருந்துகிறது. 'ஓத் வின்தா' மேற்கு உக்ரைனின் ரிவ்னே நகரத்துக் குழு. விமானத்தின் சுழல்விசிறியை முடுக்கும் முன் 'விலகி நில்' என்று கத்துவார்களே, அதுதான் இந்தப் பெயர். பாடகர் யூரி ஜுராவெல் கேலிச்சித்திரமும் வரைபவர். நாட்டுப்புற நையாண்டியும் ராக்கபில்லியும் கலந்த தங்கள் இசைக்கு அவர்கள் இட்ட பெயர் 'யுக்ராபில்லி'. சோவியத் காலத்தில் ரஷ்ய மொழி கோலோச்சிய நகரங்களில் உக்ரைனிய மொழியில் வாய் திறந்தவரை 'செல்யுக்' என்று மட்டம் தட்டுவதுண்டு. பட்டிக்காட்டான் என்று அர்த்தம். 1988இல் லிவிவ் நகரில் தொடங்கிய 'பிராத்தி ஹாதியுகினி' குழு மேற்கு உக்ரைனின் காலிசிய வட்டார வழக்கிலேயே, கொச்சையும் கிண்டலுமாக, ராக் அண்ட் ரோல் பாடியது. வசையாக வந்த பேச்சையே மேடையில் ஏற்றிச் சிரிக்கவைப்பது எனக்கு மிகவும் பிடித்த துணிச்சல். 'ஊரகராக்' என்று நாகரிகமாகச் சொன்னால் இந்தத் துணிச்சல் வெளியே தெரியாது.

கலைச்சொல் கிளைவிடவும் வேண்டும் அல்லவா? ராக்கபில்லியும் பங்க் ராக்கும் கலந்த சைக்கோபில்லியைப் 'பித்துப் பட்டிராக்' எனலாம். யுக்ராபில்லி ஒரு குழு தனக்கே இட்டுக்கொண்ட பெயர். அதை மாற்றாமல், 'உக்ரைனியப் பட்டிராக்' என்று விளக்கம் மட்டும் கொடுப்போம்.

இன்னொரு சொல்லும் பாக்கியிருக்கிறது. வயலின் வடிவில் ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸின் தந்தியை இழுத்துவிட்டு, அது விரற்பலகையில் 'டக்' என்று மோத வாசிக்கும் முறை. ஆங்கிலத்தில் 'ஸ்லாப்' என்பார்கள். 1954 ஜூலையில் மெம்ஃபிஸின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, கிதார் கலைஞர் ஸ்காட்டி மூர், டபுள் பேஸ் வாசித்த பில் பிளாக் மூவரும் பதிவு செய்தபோது டிரம்ஸ் கிடையாது. பில் பிளாக்கின் அந்த 'டக்'தான் தாளம். 'தட்டல்', 'சொடுக்கல்' இரண்டும் இதற்குப் போதாது. முரசறைதல், பறையறைதல் என்கிறோமே, அந்த 'அறை'யை எடுத்து 'அறைமீட்டு' என்று வைக்கலாம். தந்தி முரசின் வேலையைச் செய்வது அந்தச் சொல்லிலேயே கேட்கிறது.

'பட்டி' என்றதும் ஆட்டுப்பட்டி நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள். 'ராக்' ஒட்டி வரும்போது அந்தக் குழப்பம் வராது என்பது என் எண்ணம். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், ஆனால் ஏளனத்தின் கனம் அதில் குறையாமல் இருக்கட்டும்.