பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: விண்டோஸை இழக்காமல் நிறுவ முடியுமா?

தட்டச்சு நிலையம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் நீதிமன்றத்துக்கு அருகே மனுக்கள் அடித்துத் தரும் சிறிய தட்டச்சு நிலையம் நடத்தி வருகிறேன். என்னிடம் இருப்பது 2017இல் வாங்கிய மடிக்கணினி. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறலாம் என்று எண்ணுகிறேன்.

முழுவதுமாக மாற முடியாமல் இரண்டு காரணங்கள் தடுக்கின்றன. மாதம் ஒருமுறை இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு ஏற்றித் தருகிறேன். அதற்கான ஆஃப்லைன் கருவி விண்டோஸில்தான் ஓடுகிறது. அத்துடன், நான் தட்டச்சுப் பள்ளியில் பயின்ற பழைய விசைப்பலகை முறையில் அடிப்பவள். பத்தாண்டு மனுக்கள் யாவும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய வானவில் எழுத்துருவில் உள்ளன. ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பிரிக்கும்போது கோப்புகள் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தால் மூன்று மாதங்களாகத் தள்ளிப்போட்டு வருகிறேன்.

கருப்புத்திரை

வணக்கம் அம்மா. பிரிப்பதில் அச்சப்பட ஏதுமில்லை. ஆனால் அதை லினக்ஸ் நிறுவியிடம் விடாமல், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கி, 60 ஜிபி அளவுக்கு வெற்றிடம் விட்டுவிடுங்கள். அதற்கு முன் கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 4 ஜிபி ரேமுக்கு மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே இலகுவானது. மின்டின் 22ஆம் வரிசை, உபுண்டு என்னும் மற்றொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டதால் 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

பழுதுபார்ப்பவன்

முன்னவர் கூறியது தவறில்லை என்றாலும், எட்டு ஆண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க்கில் பிரிக்கும் வேலையையே நான் செய்யமாட்டேன். இவ்வளவு பழைய டிஸ்க்கில் சுருக்கும் பணி நடுவில் நின்றுபோனதை என் மேசையிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். மேலும், உங்கள் மடிக்கணினி மெதுவாக இயங்குவதற்குப் பெரும்பாலும் விண்டோஸைவிட அந்த ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும்; அதே டிஸ்க்கில் லினக்ஸை ஏற்றினாலும் அது திறந்துகொள்வதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம்.

ஆகவே 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்றை வாங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருத்துங்கள். லினக்ஸ் புதிய எஸ்எஸ்டியில் ஏறும். உங்கள் பத்தாண்டு மனுக்கள் இருக்கும் டிஸ்க் அப்போது மேசை இழுப்பறையில் இருக்கும். நிறுவும்போது எந்தப் பொத்தானைத் தவறாக அழுத்தினாலும் அதற்கு ஒன்றும் நேராது. பழைய டிஸ்க்கை உள்ளேயே வைத்துக்கொண்டு நிறுவ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மின்டின் நிறுவி, பூட்லோடரை (இயங்குதளத்தை எழுப்பும் நிரலை) எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுத்தாலும், சில கணினிகளில் அதைக் கண்டுகொள்ளாமல் முதல் டிஸ்க்கில் அத்தகைய நிரல்களுக்கென உள்ள இஎஃப்ஐ பகுதியிலேயே எழுதிவிடும். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றினால் லினக்ஸ் எழாது.

நிறுவி முடித்த பிறகு, மடிக்கணினியில் டிவிடி டிரைவ் இருக்குமானால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செருகும் கேடி என்னும் சட்டத்தில் பழைய டிஸ்க்கைப் பொருத்திவிடலாம். கேடியில் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமன்கள் உண்டு. அளந்து பார்த்து வாங்குங்கள். ஜிஎஸ்டி வேலையுள்ள நாளில் மட்டும், கணினியைத் திறக்கும்போது பூட் பட்டியலில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். பில்கள் குறைவாக இருக்கும் மாதங்களில் விண்டோஸுக்கே போகாமல், ஜிஎஸ்டி இணையதளத்தில் நேரடியாகவும் பதியலாம்.

டிஸ்க்கைக் கழற்றுமுன் விண்டோஸில் இரண்டு வேலைகளை மறவாமல் முடித்துவிடுங்கள். பிட்லாக்கர் என்னும் விண்டோஸின் டிஸ்க் பூட்டு போடப்பட்டிருந்தால் அதை நீக்குங்கள், அல்லது அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இடம் மாறியதும் அதைக் கேட்கக்கூடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த டிஸ்க்கில் உள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது.

பதிவிறக்கும் ஐஎஸ்ஓ கோப்பின் (மின்டின் நிறுவல் கோப்பு) எஸ்எச்ஏ256 எண்ணை, அதாவது கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணை, மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீண் சடங்கு என்று பலர் தவிர்க்கிறார்கள். 2016 பிப்ரவரியில் மின்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்கதவு (ரகசியமாக உள்ளே புகும் வழி) வைத்த ஐஎஸ்ஓவை ஒரு நாள் வழங்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுத்துரு

தமிழ் பற்றி இன்னும் எவரும் எழுதவில்லை. இந்தக் கேள்வியில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து. மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்னும் தொகுப்பை நிறுவினால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகை முறைகளோடு உங்கள் பழைய தட்டச்சு முறையும் கிடைக்கும். அது, கொம்பை எழுத்துக்குப் பின்னால் வைக்கும் ஒருங்குறியில் எழுதுவதால், கொம்பை முன்னால் அடித்துப் பழகிய விரல்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை நிறுவுமுன்னரே சோதித்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து மின்டை லைவாக (நிறுவாமலேயே) இயக்கி, கைப்பேசியை யுஎஸ்பி வழியாக இணைத்து இணையம் கொடுத்தால், அந்தத் தொகுப்பை அங்கேயே ஏற்றி ஒரு மனுவை முழுவதுமாக அடித்துப் பார்க்கலாம். கணினியில் உள்ள எதுவும் மாறாது. பிரிண்டரையும் அதே வேளையில் இணைத்துப் பாருங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்களை லினக்ஸில் இயக்குவது பெரும்பாடு.

வானவில் கோப்புகளைப் படிக்க, உங்களிடமுள்ள அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால் லிப்ரெஆஃபிஸ் என்னும் ஆவண மென்பொருள் பெரும்பாலும் சரியாகவே காட்டும். பத்தாண்டுக் கோப்புகளையும் ஒரே மூச்சில் ஒருங்குறிக்கு மாற்ற முற்பட வேண்டாம். மீண்டும் தேவைப்படும் மனுவை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டால் போதும்.

தட்டச்சு நிலையம்

மிக்க நன்றி. லைவில் இரண்டு நாள் அடித்துப் பார்த்த பிறகே துணிந்தேன். ழகரமும் கொம்பும் கைக்கு வந்துவிட்டன. பிரிண்டரும் வேலை செய்தது. எஸ்எஸ்டியில் மின்ட் ஏறி, கேடியில் விண்டோஸும் இயங்குகிறது. ஒரே ஒரு குறை: லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குப் போனால், காலை பதினொரு மணியை ஐந்தரை என்று காட்டுகிறது. உள்ளே இருக்கும் கடிகாரத்தின் பேட்டரி போய்விட்டதா?

பழுதுபார்ப்பவன்

பேட்டரி நன்றாகவே இருக்கிறது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சரியாக ஐந்தரை மணி நேரம் குறைகிறது. மின்டின் டெர்மினலில் ‘timedatectl set-local-rtc 1’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்து, கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிறகு விண்டோஸில் ஒருமுறை நேரத்தைச் சரிசெய்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். அடிக்குமுன் விசைப்பலகையைத் தமிழிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.