அப்டேட்: அப்பாவோட 2000 ரூபா வந்துருச்சு

2020 லாக்டவுன் நிவாரணமா, விவசாயிங்களுக்கு மத்திய அரசு தர்ற பிஎம் கிசான் 2000 ஏப்ரல்லயே போட்டாங்க, ராமநாதபுரம் திருப்புல்லாணி பக்கம் எங்கப்பாவுக்கு மட்டும் வரலன்னு போன மாசம் எழுதிருந்தேன்ல, நேத்து ஏறிடுச்சு. கோளாறு பேர்லதான், ஆதார்ல தாத்தா பேரோட முழுசா இருக்கு, பாஸ்புக்குல வெறும் இனிஷியல், அதை மாத்துறதுக்கு நாலு நடை. உங்க வீட்லயும் பணம் வராம நின்னுருந்தா மொதல்ல பேரை ஒத்துப் பாருங்க. என்ட்ரி போட்டு வாங்குன பாஸ்புக்குல அந்த ஒரு வரிய அப்பா விரலால தடவித் தடவிப் பாத்தாரு, பாவமா இருந்துச்சு. குண்டு மிளகாய் மூட்டை இன்னும் வீட்டுக்குள்ளதான் கெடக்கு, ராத்திரியெல்லாம் நெடி, தங்கச்சி இருமிக்கிட்டே தூங்குறா. குத்தகைக்கு உழுற சித்தப்பாவுக்கு இந்த 2000மும் கெடையாது, நிலம் அவர் பேர்ல இல்லையாம். அவரும் அதே வெயில்லதானங்க மிளகாப்பழம் பறிச்சாரு.