தேரிக்காட்டில் கோல்ஃப் ஆட முடியுமா?

திசையன்விளையான்:
துபாயில் 1988-இல் திறக்கப்பட்ட எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் மஜ்லிஸ் மைதானத்தில் சென்ற மாதம் நண்பரொருவரின் விருந்தினனாக ஆடினேன். எட்டாம் குழிக்கு மேட்டை நோக்கி அடிக்க வேண்டும். புல்லைவிட்டு விலகினால் மணலும் புதரும்தான், பின்னணியில் வானுயர்ந்த கட்டடங்கள். மூன்று முறை அடித்தும் என் பந்து மணலைவிட்டு வெளியே வரவில்லை என்பது வேறு கதை. அப்போது தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேட்டுக்காடான குதிரைமொழித் தேரிதான் நினைவுக்கு வந்தது. சும்மா கிடக்கும் அந்த நிலத்தின் ஓர் ஓரத்தில் இப்படியொரு மைதானம் அமைத்தால் என்ன?

உடன்குடியான்:
அண்ணாச்சி, பனையும் முந்திரியும் உடைமரமும் நிற்கிற, கருக்குவேல் ஐயனார் குடியிருக்கிற இடத்தைச் 'சும்மா கிடக்கிறது' என்று சொல்வதை ஏற்க இயலாது. அங்கே பெய்கிற மழை மணலுக்குள் இறங்கித்தான் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளில் ஊறுகிறது. துபாய்க்காரர்கள் கடல்நீரை நன்னீராக்கிப் புல் வளர்த்தார்கள். தாமிரபரணியின் கடைமடைக்கே தண்ணீர் வந்து சேராத நாம் எதைப் பாய்ச்சுவது? அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில்கூட 18 குழி மைதானமென்றால் ஏறத்தாழ 90 ஏக்கர் புல்லைக் கணக்கிட்டே நீர் ஒதுக்குகிறார்கள். எஞ்சியது கள்ளியும் கல்லுமாகவே கிடக்க, அதைத் தாண்டி அடிப்பதே அங்கு ஆட்டமாகிவிட்டது.

பேட்டைவாசி:
புல்லே வேண்டாமே! ஆஸ்திரேலியாவில் ஓபல் எனும் மணிக்கல்லைத் தோண்டியெடுக்கும் கூபர் பீடி என்ற ஊரில் புல்லில்லாத மைதானம் இருக்கிறது. ஆளுக்கொரு சிறு புல்விரிப்புத் துண்டைக் கையோடு கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சி, ஒளிரும் பந்துகளை வைத்து இரவிலும் ஆடுகிறார்கள். நமக்கும் இது பொருந்தும்.

உடன்குடியான்:
பொருந்தாது. அந்தத் தரை கெட்டியானது, விழுந்த பந்து உருளும். தேரியிலோ கணுக்கால் புதையும் மணல். விழுந்த இடத்திலேயே பந்து புதைந்துவிடும், மைதானம் முழுவதும் பந்தைச் சிக்கவைக்கும் ஒரே மணற்குழிதான். போதாக்குறைக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று இறங்கினால் மணல்மேடே இடம்பெயரும். நேற்று வெட்டிய குழி இன்று இருக்காது. கெட்டிப்படுத்தலாம் என்று மண்ணைக் கொட்டினால், தேரி தேரியாகவே இராது. கற்கால மனிதர் விட்டுச்சென்ற நுண்கற்கருவிகளும் அதனடியில் போய்விடும்.

திசையன்விளையான்:
காற்றை நான் மறந்தேபோனேன், ஒப்புக்கொள்கிறேன். தேரியை விட்டுவிடுவோம். ஆனால் நாங்குநேரிப் பக்கத்துச் செவல் (செம்மண்) தரை கெட்டியானதுதானே? புல்லில்லாமல் ஒன்பது குழிகள் மட்டும்?

உடன்குடியான்:
அது யாருடைய ஆட்டுக்கு மேய்ச்சல் என்று முதலில் விசாரித்து வாருங்கள், அண்ணாச்சி, பிறகு பேசுவோம்.