மறு: பக்கக் கூட்டத்துக்கு ஒரே அமைவு – 'தொகுதி' சரிவருமா?

> 'தொகுதி அமைவு' என்றே வைத்துவிடலாம் ஐயா. கேட்டதும் விளங்கும்.

வணக்கம். விக்கியில் பல பக்கங்களுக்கு ஒருசேரப் பொருந்தும் அமைவை (setting) என்ன பெயரால் அழைப்பது என்பதுதான் கேள்வி. புதுச்சேரிக்கு விக்கி நடத்திக்கொண்டு 'தொகுதி' என்றால் வம்புதான். 30 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. 'பாகூர் தொகுதி அமைவு' என்று மெனுவில் பார்ப்பவர் தேர்தல் சமாச்சாரம் என்றுதான் நினைப்பார். 'தொகுப்பமைவு' என்றால் பக்கத்தைத் திருத்தும் 'தொகு' பொத்தானோடு முட்டும்.

என் முன்மொழிவு 'கிளையமைவு'. டோக்குவிக்கி என்னும் விக்கி மென்பொருளில் நடப்பதும் அதுதான். பெயர்வெளிக்கு (பக்கங்களை அடுக்கும் கோப்புறை மாதிரி) ஓர் அனுமதி விதி வைத்தால் அதற்குள் இருக்கும் உள்வெளிகளுக்கும் அது இறங்கும். கீழே தனி விதி இருந்தால் அதுவே செல்லும். அனுமதிகளுக்கு எண்கள் உண்டு: வாசிக்க 1, திருத்த 2, உருவாக்க 4, பதிவேற்ற 8, நீக்க 16; பெரிய எண்ணில் சிறியவை அடக்கம்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. புதுச்சேரி வெளியில் ஆசிரியர் குழுவுக்கு 8 இருக்கிறது. பாகூர் உள்வெளியில் யாரோ 'எல்லோருக்கும் 1' என்று ஒரு வரி சேர்க்கிறார். அந்த 'எல்லோரில்' ஆசிரியர்களும் சேர்த்திதான். கிட்டத்தில் பொருந்தும் விதி கிடைத்துவிட்டால் மென்பொருள் மேலே ஏறிப் பார்க்காது. பாகூர் அவர்களுக்கும் பூட்டிக்கொள்ளும். அதே உள்வெளிக்கு ஆசிரியர் குழு 8 என்று இன்னொரு வரி எழுதினால் திறக்கும், ஒரே மட்டத்தில் பெரிய எண்ணே வெல்லும் என்பதால்.

> அப்போ பக்க டெம்ப்ளேட்டும் கிளையமைவுதானே?

இல்லை. ஓர் அடிக்கோட்டில் தொடங்கும் டெம்ப்ளேட் கோப்பு அந்தப் பெயர்வெளிக்கு மட்டும். இரண்டு அடிக்கோடு என்றால் உள்வெளிகளுக்கும் சேர்த்து. ஆனால் இரண்டுமே புதுப்பக்கம் தொடங்கும்போது ஒரு தடவை பிரதியாவதோடு சரி. பிறகு கோப்பைத் திருத்தினாலும் பழைய பக்கம் அசையாது. 'தொடக்க நகல்' என்றால் போதும். 'வார்ப்புரு' வேண்டவே வேண்டாம்: விக்கிப்பீடியாவில் வார்ப்புருவைத் திருத்தினால் அதைச் சேர்த்த பக்கங்களெல்லாம், சற்றுத் தாமதமானாலும், மாறும். பழகியவர் இங்கும் அதையே எதிர்பார்ப்பார்.

> மாகே, ஏனாம்? புதுச்சேரிக்குக் கீழே இருந்தாலும் மலையாளப் பெயரும் தெலுங்குப் பெயரும் கேட்கும் பக்கங்கள் ஆச்சே.

அவற்றுக்கு உள்வெளியில் தனி டெம்ப்ளேட் வைத்தால் தீர்ந்தது. பகுப்பு (பக்கத்துக்கு இடும் வகைக் குறி) வழியாக அமைவு கொடுப்பதுதான் வேறு கதை. ஒரு பக்கம் ஒரே பெயர்வெளியில்தான் இருக்கும், பகுப்போ பத்து இருக்கலாம். இரண்டு முரண்பட்டால் எது செல்லும்? விக்கிப்பீடியாவின் மென்பொருளான மீடியாவிக்கியே பகுப்புக்கு அனுமதி விதி வைக்க இயல்பாக வழி தரவில்லை. அதற்கு இப்போது பெயர் தேட வேண்டாம்.

மறுப்பில்லை என்றால் 'கிளையமைவு', 'தொடக்க நகல்' இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.

– கடலூர், மஞ்சக்குப்பம்