தேயிலை விற்பனைக் கூடத்தில் நறுமண இயந்திரம் வைக்கலாமா?

கேள்வி: நானுஓயாப் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். நானுஓயா ஸ்டேஷனில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே தேயிலை விற்பனைக் கூடம், அதை ஒட்டி ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை, மேலே விருந்தினருக்கு நாலைந்து அறை, இப்படித் திருத்தி ஏப்ரல் சீசனுக்கு முன்னால் திறந்துவிடப் பார்க்கிறோம். ரயிலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களும் கொழும்பில் இருந்து குடும்பமாக வருகிறவர்களும்தான் எங்களுக்கு வியாபாரம்.

போன வாரம் கொழும்பில் இருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து நறுமண இயந்திரம் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார். 'வைட் டீ' என்று ஒரு எண்ணெய், பெரிய ஹோட்டல்களில் எல்லாம் இதுதான் என்கிறார். கூடத்தில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, மேல் மாடி நடையில் ஒன்று வைத்தால் வருகிறவர்கள் கூடுதல் நேரம் நிற்பார்கள், கூடுதலாக வாங்குவார்கள், திரும்பவும் வருவார்கள் என்பது அவருடைய பேச்சு. வாசனை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. வீட்டில் அம்மாவுக்கும் பிடித்தது.

கேட்க வேண்டியது இவைதான். இதில் நிஜமாகவே பலன் உண்டா? தேயிலை விற்கிற இடத்துக்குத் தேயிலை வாசனைதானே பொருத்தம், வேறு ஏதாவது வைக்கலாமா? தண்ணீர் ஊற்றிப் புகை மாதிரி வரும் மலிவான இயந்திரமே போதுமா? இன்னொன்று, மழைக்காலத்தில் மேல் அறைகளில் ஒரு ஈர வாடை வரும், அதற்கு இது சரிப்படுமா? தங்கச்சிதான் நாள் முழுக்கக் கல்லாவில் உட்காரப் போகிறாள், அவளுக்கு ஏதும் தொந்தரவு வருமா என்பதும் மனதில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற டீமேக்கர், தலவாக்கலை

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும். தேயிலை இருக்கிற அறைக்குள் அந்த இயந்திரத்தை ஏற்றாதீர்கள். எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி.

இலையை உலர்த்துகிற டிரையரில் இருந்து வெளியே வரும்போது தேயிலைத் தூளில் ஈரம் ஏறக்குறைய 3 சதவீதம்தான் இருக்கும். அவ்வளவு வறண்ட பொருள் சுற்றி இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், வாசத்தையும் இழுக்கும். சீனாவில் மல்லிகைத் தேயிலை செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். பூவையும் தூளையும் கலந்து ஒரு இராத்திரி வைத்தால் பூவின் வாசம் தூளுக்குள் இறங்கிவிடுகிறது. மல்லிகையை இழுக்கிற தூள் உங்கள் கொழும்பு எண்ணெயையும் இழுக்கும், அதற்கு நல்லது கெட்டது தெரியாது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நாங்கள் சவர்க்காரத்தையும் மண்ணெண்ணெயையும் தூள் பக்கமே வரவிட மாட்டோம். சுவை பார்க்கிறவர்கள் வேலை நாளில் சென்ட் பூசுவதில்லை. அந்தக் காலத்து டீப்பெட்டிக்குள் உலோகத் தாள் விரித்தது எதற்கு? ஈரமும் பிற வாசமும் ஏறக்கூடாது என்பதற்குத்தானே.

சீல் வைத்த பக்கெட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் கண்ணாடிச் சாடியிலும் மரப்பெட்டியிலும் தூளைத் திறந்து வைத்து, கிள்ளி எடுத்து மணக்கக் கொடுக்கப் போகிறீர்கள். கூடத்தில் வியாபாரம் நடப்பதே அந்த இடத்தில்தான். அறை முழுக்க வேறு வாசனை நிறைந்திருந்தால் வாங்க வந்தவனுக்குப் பீஓபி என்கிற உடைத்த இலைத் தூளும் டஸ்ட் என்கிற பொடித் தூளும் ஒன்றாகவே மணக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கிற நேரத்தில் பதுளைப் பக்கம் ஊவாவில் எடுக்கிற தூளில் வின்டர்கிரீன் தைலத்தைப் போல ஒரு குளிர்ந்த வாசம் வரும். மெத்தில் சாலிசிலேட் என்கிற பொருள்தான் அதற்குக் காரணம். அதற்காகவே உலகத்தில் அந்தத் தூளைத் தேடி வாங்குகிறார்கள். ஜனவரியில் இருந்து மார்ச் வரை நம்முடைய டிம்புள்ளப் பக்கத்துத் தூளுக்கு வேறு ஒரு மணம். இந்த வித்தியாசத்தை மூக்கால் காட்ட முடிகிற இடம் உங்கள் கூடம் ஒன்றுதான், அதை ஏன் மூடுகிறீர்கள்?

தண்ணீர் ஊற்றுகிற இயந்திரம் என்றால் இன்னும் மோசம். வாசத்தோடு ஈரத்தையும் சேர்த்து விடும். மூடி சரியாகப் பொருந்தாத சாடியில் தூள் சீக்கிரமே பழசாகிவிடும்.

பதில்: வரவேற்பு மேசை, நுவரெலியா

டீமேக்கர் ஐயா சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப் போகிறேன். நான் ஹோட்டல் பக்கத்து ஆள், அதனால் மேல் மாடியைப் பற்றிச் சொல்கிறேன்.

'வைட் டீ' என்பது வெஸ்டின் ஹோட்டல்கள் தங்கள் லாபியில் பரப்பிப் பிரபலமாக்கிய வாசனை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அந்தப் பெயரில் எண்ணெய் விற்கிறார்கள். அது வாசனைத் திரவியக்காரர்கள் கட்டிய ஒரு கலவை, ஸ்டோர் பக்கம் போனால் வருகிற மணம் அதில் இருக்காது. 1992இல் புல்காரி வெளியிட்ட பச்சைத் தேயிலை வாசனைக்குப் பிறகுதான் இந்த வகை பெரிதாகப் பரவியது. வெளியூரில் இருக்கிற ஹோட்டலுக்கு அது அழகு. கொழுந்து பறிக்கிற மலையைப் பார்த்துக்கொண்டே உங்கள் வாசலுக்கு வருகிறவருக்கு, உள்ளே நுழைந்ததும் கொழும்பிலோ துபாயிலோ மணந்த அதே லாபி வாசனை வந்தால் என்ன சுகம்?

ஈர வாடையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வாசனை போட்டு வாடையை மறைக்க முடியாது, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும், அது முதலாவதை விடக் கொடுமை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், மே முதல் செப்டம்பர் வரை மழையும் பனிமூட்டமும், சுவர் காய்வதே இல்லை. வாடை வருகிற இடத்தைத் தேடுங்கள். கூரையில் ஒழுக்கு, அலமாரிக்குப் பின்சுவரில் பூஞ்சணம், வெயில் காட்டாத மெத்தை, பழைய தரைவிரிப்பு, குளியலறைக் கழிவுக் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு காய்ந்து போய் வருகிற சாக்கடை வாடை, பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வெயில் அடிக்கிற நாளில் யன்னலை எல்லாம் திறந்து விடுங்கள், கம்பளிகளை வெளியே போடுங்கள், முடிந்தால் இயந்திரத்துக்கு வைத்த காசில் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வாங்குங்கள். அலமாரியில் நப்தலின் உருண்டை போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். விருந்தினர் முதலில் முறையிடுவது அதைப் பற்றித்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகும் படிக்கட்டுப் பக்கம் ஏதாவது வைக்க ஆசை என்றால், சூடாக்காமல் காற்றழுத்தத்தால் எண்ணெயை நுண்துளியாகப் பிரிக்கிற இயந்திரம் பாருங்கள். ஈரம் சேர்க்காது. சில நொடி ஓடி, சில நிமிடம் ஓய்கிற மாதிரி நேரம் வைக்க முடியும். விற்பவர்கள் தரை அளவு கேட்பார்கள், நீங்கள் கூரை உயரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பங்களாக் கூரை உயரம் அதிகம். இன்னொன்று, விற்பனைக்காரர்கள் காட்டுகிற படங்களில் எல்லாம் ஏசிக் குழாய் வழியே வாசனை சமமாகப் பரவும். நம் ஊரில் யாரிடம் ஏசி இருக்கிறது? கதவைத் திறந்தால் ஒரு மூலையில் ஒன்றுமே இல்லாமலும், கதவைச் சாத்தினால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தலை சுற்றும் அளவுக்கும் இருக்கும்.

அளவை உங்கள் மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்குப் பழகி வாசனை தெரியாமல் போய்விடும். தெரியவில்லை என்று வேலைக்காரர்கள் கூட்டிக் கூட்டி வைப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. வெளியில் இருந்து அப்போதுதான் வருகிற ஒருவரைக் கேளுங்கள். "ஏதோ நல்லா இருக்கே" என்றால் சரி, "என்ன சென்ட் இது" என்று கேட்டால் கூடிவிட்டது. படுக்கை அறைக்குள் மட்டும் எதுவும் வேண்டாம், அங்கே விருந்தினர் விலகிப் போக இடம் இல்லை.

பதில்: கண்டிக் கடைவீதி

இயந்திரமே வீண் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கண்டியில் எங்களுக்குப் புடைவைக் கடை, காலையில் கடை திறந்ததும் சாம்பிராணி போடுவது தாத்தா காலத்து வழக்கம். வெள்ளிக்கிழமை அந்த வாசனைக்குள் நுழைகிற அம்மாமார் முகமே வேறு. வாசனையால் ஆள் மனம் மாறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆராய்ச்சியும் இருக்கிறது. அப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் ஸ்பாங்கன்பெர்க் என்பவரும் கூட்டாளிகளும் சுவிட்சர்லாந்தில் வீட்டு அலங்காரப் பொருள் கடை ஒன்றில் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரு சமயம் வெறும் தோடம்பழ வாசனை, ஒரு சமயம் தோடம்பழத்தோடு துளசி வகையும் பச்சைத் தேயிலையும் சேர்த்த கலவை, ஒரு சமயம் எதுவும் இல்லை. தனித் தோடம்பழ வாசனை இருந்தபோது ஆட்கள் சுமார் 20 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தார்கள், கலவையால் அப்படி எந்தப் பலனும் வரவில்லை. மூளைக்கு எளிதில் பிடிபடுகிற வாசனைதான் வேலை செய்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஆகவே பத்துப் பொருள் கலந்த எண்ணெயைப் பெருமையாக விற்க வந்தால் யோசியுங்கள்.

அதே ஸ்பாங்கன்பெர்க் இன்னும் இருவரோடு சேர்ந்து 2005இல் வெளியிட்டது ஒன்று உண்டு. நத்தார் வாசனை நத்தார் பாட்டோடு சேர்ந்தபோது கடையைப் பற்றிய எண்ணம் உயர்ந்தது, வேறு பாட்டோடு போட்டபோது பலன் தரவில்லை. இடமும் சத்தமும் வாசனையும் ஒன்றோடு ஒன்று ஒட்ட வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு மேல் மாடிப் படிக்கட்டில் தனிக் கறுவா அல்லது தனி எலுமிச்சை, அவ்வளவுதான். கறுவா நம் நாட்டுப் பொருள், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டை எண்ணெயா இலை எண்ணெயா என்று கேட்டு வாங்குங்கள். இலை எண்ணெயில் யூஜெனோல் என்கிற பொருள் அதிகம், கராம்பு மாதிரி மணக்கும். பட்டை எண்ணெய்தான் நாம் நினைக்கிற கறுவா, ஆனால் கையில் பட்டால் எரியும், கையுறை போடாமல் ஊற்றாதீர்கள்.

பதில்: பதுளைத் தங்கச்சி

கல்லாவில் உட்காரப் போகிற தங்கச்சியைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகவே உள்ளே வந்து எழுதுகிறேன். நான் ஒரு கடையில் வேலை செய்தேன், தலைக்கு மேலேயே அந்த இயந்திரம். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மத்தியானம் ஆனதும் கண்ணே திறக்க முடியாது. சொன்னால் "பழகிவிடும்" என்றார்கள். மூக்குதான் பழகியது, தலைவலி பழகவில்லை. கடைசியில் வேலையை விட்டேன்.

வாங்க வருகிறவர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். உள்ளே இருக்கிறவர் எட்டு மணி நேரம் அதையே மூச்சில் இழுக்கிறார். இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு வாசனைப் பொருள்களால் மூச்சுத் திணறல் கிளம்பலாம், அதில் இயற்கை எண்ணெய், செயற்கை எண்ணெய் என்ற வித்தியாசம் கிடையாது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான், கண்டி அண்ணா கோபிக்கக் கூடாது. இயந்திரத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நிறுத்தும் அதிகாரத்தை உங்கள் தங்கச்சி கையிலேயே கொடுங்கள், எண்ணெய்க்குப் பாதுகாப்பு விவரத் தாள் தரச் சொல்லி அந்த ஆளிடம் கேளுங்கள். தர மறுத்தால் வாங்க வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் அதையும் யோசியுங்கள், சில எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு.

கேள்வி கேட்டவர்: நானுஓயாப் பக்கம்

எல்லோருக்கும் நன்றி. கூடத்துக்கு இயந்திரம் வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். கூரை ஒழுக்குப் பார்க்க மேசன் பாஸ் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன், மேல் மாடியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். தங்கச்சிக்கும் இந்தப் பதில்களைக் காட்டினேன், பதுளை அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தாள்.

ஒரு சந்தேகம் மட்டும். கூடத்துக்குள் வருகிறவருக்கு ஒரு நல்ல மணம் கிடைக்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. தேயிலையாலேயே அதைச் செய்ய முடியுமா டீமேக்கர் ஐயா? பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றினால் போதுமா?

பதில்: ஓய்வுபெற்ற டீமேக்கர், தலவாக்கலை

முடியும் தம்பி, ஆனால் கோப்பைத் தேத்தண்ணியின் மணம் வாசல் வரை வராது. ஸ்டோரில் வருகிற அந்த வாசம் வாட்டுகிற கொழுந்தும், உருட்டி நிறம் மாறுகிற இலையும், டிரையரின் சூடும் சேர்ந்து வருவது, அதை விற்பனைக் கூடத்தில் உண்டாக்க முடியாது. பரப்பப் பார்க்காதீர்கள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சுவை பார்க்கிற மேசை ஒன்றை வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரிப் போடுங்கள். 100 மில்லிக்கு 2 கிராம் தூள், நன்றாகக் கொதித்த தண்ணீர், மூடியோடு 6 நிமிடம், இது சர்வதேசத் தர முறை. வடித்த பிறகு தண்ணீரைக் கோப்பையில் விட்டு, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து, சூடு ஆறுவதற்குள் வருகிறவர் கையில் கொடுங்கள். தூளின் முழு மணமும் வெளியே வருகிற நேரம் அதுதான். ஊவா, டிம்புள்ள, நுவரெலியா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணக்கச் சொல்லுங்கள். நுவரெலியாத் தூள் மென்மையானது, அதை முதலில் கொடுங்கள், ஊவாவைக் கடைசியில்.

இஞ்சித் தேத்தண்ணியும் ஏலக்காயும் கடைப் பக்கத்தோடு நிற்கட்டும், நடுவில் ஒரு கதவு போடுங்கள். வடையும் அங்கேதான் பொரிக்கப் போகிறீர்கள் என்றால் புகைபோக்கி வெளிப்பக்கம் திரும்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், எண்ணெய்ப் புகை தூளில் ஏறினால் எதைச் செய்தாலும் போகாது. தரைக்கு மெழுகு பூசுவதாக இருந்தால் தூளைக் கொண்டுவந்து அடுக்குவதற்கு முன்னாலேயே பூசி, வாடை அடங்கக் காய விடுங்கள்.

திறக்கிற நாளைப் போட்டுச் சொல்லுங்கள், நான் ஒரு தடவை வந்து சாடிகளின் மூடியைப் பார்த்துத் தருகிறேன்.