கேஸ் ஏறுகிறது என்றதும் உங்கள் தெருவில் என்ன நடந்தது? கொரோனா கால அனுபவங்கள்

மாம்பலம் மாடிவீடு:

சாயங்காலம் ஆனால் சுகாதாரத் துறை அறிக்கை வரும். மாவட்டவாரியாக அட்டவணை, இன்று எத்தனை, குணமடைந்தோர் எத்தனை, இறப்பு எத்தனை. 2020 மே, ஜூனில் எங்கள் வீட்டில் சீரியலை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தோம். 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 என்று வந்ததே, அதுதான் தமிழ்நாடு பார்த்த உச்சம். ஆனால் நான் கேட்க வந்தது எண்ணைப் பற்றி இல்லை. எண் ஏறும்போது அரசு என்ன செய்தது என்பதற்கு அரசாணை இருக்கிறது. அது நம் வாசற்படிக்கு வந்தபோது எப்படி இருந்தது என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டை போடுபவர்கள் போடலாம். தகரம் நோயை அடைத்ததைவிட ஜனங்களின் வாயை அடைத்ததுதான் அதிகம். கோயம்பேடு சந்தையிலிருந்து பரவிய நேரம், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பாசிட்டிவ். ஆட்கள் வந்து சவுக்குக் கட்டை நட்டு, தகரம் அடித்து, தெருவின் இரண்டு முனையையும் மூடினார்கள். கதவில் ஸ்டிக்கர். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாருக்குமே காய்ச்சல் வரவில்லை. வந்தது, ஆனால் யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் பாராசிட்டமால் கேட்டால் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும், தலைவலித் தைலத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. கீழ்வீட்டு மாமா இருமல் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்.

காசிமேட்டுக்காரி:

அண்ணா, அந்த டிவி சத்தம் எனக்கு நல்லா பழக்கம். நான் அப்போ வடசென்னையில களப்பணியாளர். காலேஜ் முடிச்சுட்டு வேலை இல்லாம இருந்தேன், வீடு வீடா போய் காய்ச்சல் இருக்கான்னு கேக்க ஆள் எடுத்தாங்க. கையில ஒரு தெர்மல் ஸ்கேனர், ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்ளோன்னு விரல்ல மாட்டிப் பாக்குற ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஒரு நோட்டு. கேஸ்ல ராயபுரம் மண்டலம் சிட்டியிலேயே முன்னாடி நின்ன நேரம் அது.

கதவே தொறக்க மாட்டாங்க. ஜன்னல் வழியா "எல்லாரும் நல்லா இருக்கோம், போம்மா". உள்ள இருந்து கசாய வாசனை தெரு வரைக்கும் வரும். ஸ்கேனரும் பெருசா உதவாது, மாத்திரை போட்டுட்டு வந்து நின்னா நெத்தியில என்ன தெரியும்? எங்க சூப்பர்வைசர் அக்காதான் வழி சொல்லிக் குடுத்தாங்க: காய்ச்சல் இருக்கான்னு கேக்காத, சமையல் என்னன்னு கேளு. "என்ன ஆயா, கருவாட்டுக் கொழம்பா? தெருவே மணக்குது"ன்னு சொன்னா போதும், "அப்படியா, எனக்கு ஒரு வாசனையும் தெரியலயேம்மா"ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. அப்புறம் மெதுவா ஆக்ஸிமீட்டர விரல்ல மாட்டுவோம்.

ஒரு ஆயா திண்ணையில ஒக்காந்து பூண்டு உரிச்சிட்டு இருந்தாங்க. மூச்சு வாங்கல, மொகத்துல ஒரு வாட்டம் இல்ல. மிஷின்ல 86 காட்டுது. மிஷின் போயிடுச்சுன்னு என் விரல்ல மாட்டிப் பாத்தேன், 98. அவங்க கைய தேச்சு சூடு பண்ணி மறுபடி மாட்டினேன், 85. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவங்க பூண்டு உரிக்கிறத நிறுத்தவே இல்ல. பொழைச்சு வந்துட்டாங்க. காய்ச்சல் அளக்குற மிஷின விட அந்த சின்ன கிளிப்பு காப்பாத்துன உசுரு அதிகம்னுதான் நான் நெனைக்கிறேன்.

தகரத்த பத்தி நீங்க சொன்னது சரிதான். தெருவ அடைச்சா பாலும் காயும் வாங்கித் தர்றதும் நாங்க, திட்டு வாங்குறதும் நாங்க. காய்ச்சல் முகாம் போட ஆரம்பிச்சப்புறம்தான் ஜனங்க கொஞ்சம் வெளிய வந்தாங்க. தெருமுனையில ஷாமியானா, டாக்டர், நர்ஸ். ஜிங்க் மாத்திரை, வைட்டமின் மாத்திரை, ஒரு டம்ளர் கபசுரக் குடிநீர். டாக்டருக்கு சந்தேகம் வந்தா சளி எடுப்பாங்க. "கொரோனா டெஸ்ட்"டுன்னா கதவ சாத்துற ஜனம் "டாக்டர் வந்திருக்காரு"ன்னா வந்து வரிசையில நிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், யாரும் எழுத மாட்டாங்க. பாத்ரூம். கடை, ஓட்டல் எல்லாம் மூடிக் கெடக்கு, எந்த வீட்டுலயும் எங்கள உள்ள விட மாட்டாங்க. பொண்ணுங்க எல்லாம் தண்ணியே குடிக்காம அந்த வெயில்ல நடந்தோம்.

மூட்டைக்காரன்:

நான் கோயம்பேட்டுல மூட்டை தூக்கினவன். ஊரு அரியலூர் பக்கம். மே 5ஆம் தேதி சந்தைய மூடினாங்க, அப்புறம் திருமழிசைக்கு மாத்தினாங்கன்னு எல்லாரும் எழுதுறாங்க. மூடுறதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்க நிறைய பேரு காலி வண்டியில ஏறி ஊருக்குக் கெளம்பிட்டோம். வேலை இல்லன்னா அங்க யாரு சோறு போடுவா? கடலூரு, விழுப்புரம், அரியலூருன்னு எண்ணிக்கை திடீர்னு எகிறினது அப்படித்தான்.

செக்போஸ்ட்ல இறக்கி, பேரு எழுதி, ஊர்ப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டாங்க. கரும்பலகையில மார்ச் மாசத் தேதி அழியாம அப்படியே இருந்துச்சு. சளி எடுத்தாங்க. பாசிட்டிவ்னு வந்ததுல பாதிக்கு மேல ஒரு தும்மல்கூட இல்லாத ஆளுங்க. ஊருக்கு அதுதான் புரியல. "நல்லாத்தானே இருக்கான், எதுக்குய்யா அடைச்சு வச்சிருக்கீங்க"ன்னு எங்க அம்மா கேட்டுக்கு வெளிய நின்னு சத்தம் போட்டாங்க. "படுத்த படுக்கையா இருந்தா வீட்டோட கெடப்பான், நல்லா இருக்கிறவன்தாம்மா நாலு எடத்துக்குப் போவான்"னு சுகாதார ஆய்வாளர் பொறுமையா எடுத்துச் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையில அம்மா அடங்கிப் போயிட்டாங்க.

சாப்பாட்டுல குறையில்ல, முட்டைகூட குடுத்தாங்க. குறையெல்லாம் வெளிய வந்தப்புறம். டீக்கடையில எனக்குன்னு ஒரு கிளாஸ தனியா கவுத்து வச்சிருந்தாங்க. நம்ம ஊர்ல தனி கிளாஸுன்னா என்னான்னு நான் வெளக்க வேண்டியதில்ல. பேரும் வச்சாங்க, "கோயம்பேட்டான்". தமிழ்நாட்டோட மொத கேஸு மார்ச் 7ஆம் தேதி, ஓமன்லேருந்து வந்தவரு. பிளேன்ல வந்த யாரையும் "ஏர்போர்ட்டான்"னு கூப்பிட்டதா நான் கேள்விப்படல.

தாமதமாக வந்தவன்:

கிளாஸாவது பரவாயில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கினார்கள். பிறகுதான் அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. சட்டம் போட்டுப் பிணம் புதைத்தோம்.

சோதனைக்குழாய்:

லேபிலிருந்து ஒருவன். "டெஸ்ட் நிறைய எடுத்தா கேஸ் நிறைய வரும், கம்மியா எடுத்தா கம்மியா வரும், எல்லாம் அரசியல்" என்று எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பாதி உண்மை. அதனால்தான் மொத்த எண்ணை விட்டுவிட்டு, நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற விகிதத்தைப் பார்க்க வேண்டும். சோதனையும் கூடி விகிதமும் கூடினால் பெரியப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

தொடக்கத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், அடுத்து தேனி, பிறகு ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியாக லேப் வந்தது. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து சீக்கிரம் முடிவு சொல்லும் 24,000 ராப்பிட் கிட் வந்திறங்கியபோது அவ்வளவு ஆரவாரம். மாதம் முடிவதற்குள் அதைப் பயன்படுத்தாதீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லிவிட்டது. அதன் பிறகு பல மாநிலங்கள், சீக்கிரம் முடிவு சொன்னாலும் சில நோயாளிகளைத் தவறவிடும் ஆன்டிஜென் சோதனையின் பக்கம் போனபோதும், தமிழ்நாடு லேபில் செய்யும் ஆர்டி-பிசிஆர் சோதனையை விடவில்லை. சரியான முடிவு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆன்டிஜென் நெகட்டிவ் என்ற நம்பிக்கையில் கல்யாண வீட்டுக்குப் போகிறவனால் வரும் கேடு கொஞ்சமல்ல.

ஆனால் அந்த முடிவுக்கு நாங்கள் கொடுத்த விலை தாமதம். 2021 மே மாதம் மாதிரிப் பெட்டிகள் வராந்தா வரைக்கும் அடுக்கியிருக்கும். திறந்தால் ஐஸ் உருகிய தண்ணீரில் சில குழாய்களின் எண் அழிந்திருக்கும், சிலவற்றில் மூடி சரியாகத் திருகாமல் கசிந்திருக்கும். அதைத் தள்ளிவைத்தே ஆக வேண்டும். தள்ளிவைத்தால், எங்கோ ஒருவர் "ரிசல்ட் வந்துச்சா" என்று போனையே பார்த்துக்கொண்டு இன்னும் சில நாள் கிடப்பார். ரிசல்ட் இல்லாமல் படுக்கை கிடையாது என்று சில ஆஸ்பத்திரிகள் சொன்ன நேரம் அது.

நொய்யல்கரை:

அந்த "ரிசல்ட் இல்லீன்னா பெட் இல்லீங்க"ங்கறத நேர்ல கேட்டவனுங்க நானு. திருப்பூர். பெரிப்பாவுக்கு ஆக்ஸிஜன் 88. கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேரு வேண்டாமுங்க. முன்பணத்தக் கட்டுங்க, அப்பறந்தான் ஸ்ட்ரெச்சருன்னாங்க. ஐசியூவுக்கே நாளைக்கு 15,000 ரூவாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு 2020 ஜூன்லயே கவர்மெண்ட்டு சொல்லிப்போட்டுதேன்னு கேட்டேன். கல்லாவுல இருந்தவரு சிரிச்சுட்டு, "அது அது, இது இதுங்க. பிபிஇ கவச உடுப்பு, மருந்து, ஸ்கேனெல்லாம் தனி"ன்னாரு.

கவர்மெண்ட்டு மருத்துவ உதவி நம்பரு 104க்கு அடிச்சேன். மெட்ராசுல வார் ரூம்னு கட்டளை மையம் தொறந்திருந்த சமயம். ஒரு புள்ள எடுத்துச்சு. வயசு, சக்கரை இருக்குதா, ஆக்ஸிஜன் எத்தனைன்னு வரிசையாக் கேட்டுட்டு, "அண்ணா, குப்புறப் படுக்க வைங்க, நெஞ்சுக்கடியில ஒரு தலவாணி வைங்க"ன்னுச்சு. வேன் சீட்டுலயே திருப்பிப் படுக்க வெச்சோமுங்க. 88 இருந்தது 92க்கு வந்துச்சு. மறுக்கா அதே புள்ள கூப்புட்டு, கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரில எடம் இருக்குது, போங்கன்னுச்சு. அந்தப் புள்ள பேரக்கூட நாங்க கேக்கல.

அதுக்குள்ள ஒரு டாக்டரு ரெம்டெசிவிர் வாங்கீட்டு வாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. அரசு மருத்துவக் கல்லூரியில விக்கறாங்கன்னு எந்தம்பி ராத்திரியே போயி வரிசையில நின்னான். முன்னால நின்னவங்கள்ல பாதிப் பேரு இருமீட்டு இருந்தாங்களாம். நோயாளிக்கு மருந்து வாங்கப் போன எடத்துல நோய வாங்கீட்டு வந்தான். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்லயே பரிந்துரைக்கலீன்னு சொல்லிப்போட்ட மருந்துங்க அது. அப்பறந்தான் தெரிஞ்சுது. வெளிய விக்கறத நிறுத்தி, நேரா ஆஸ்பத்திரிக்கே குடுக்கறோமுன்னு அரசு மாத்துனது நல்ல காரியம், ஒரு வாரம் முன்னாடியே பண்ணியிருக்கோணும்.

மே கடைசில தினசரி கேஸ்ல சென்னையவே கோயமுத்தூரு தாண்டிப்போச்சு. மே 30 முதலமைச்சர் ஸ்டாலின் பிபிஇ போட்டுட்டு ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போயிட்டு வந்தாரு. அன்னைக்குத்தான் டிவிக்காரங்க கேமரா எங்க பக்கம் திரும்புச்சு.

பெரிப்பா வரலீங்க.

மாம்பலம் மாடிவீடு:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இறப்பு எண்ணிக்கை பற்றி ஒன்று மட்டும். 2020 ஜூலை 22 அறிக்கையில் சென்னையின் பழைய இறப்புகள் 444 ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. மயானப் பதிவேட்டில் இருந்தவை, சாயங்கால அட்டவணையில் இல்லாமல் போனவை. விட்டுப்போனதைத் தேட ஒரு குழு போட்டதையும், கண்டதை மறைக்காமல் வெளியிட்டதையும் பாராட்டுகிறேன். தகரம் பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது.

சாரல்காத்து:

நான் தென்காசிப் பக்கம் கிராம சுகாதார செவிலியரு. எல்லாரும் ஆஸ்பத்திரி, லேபுன்னு எழுதிட்டாவ, ஊசிக் கதைய நான் சொல்லுதேன்.

2021 ஏப்ரல்ல ஊசி போட வாங்கன்னா, "விவேக்குக்கே அப்படி ஆயிட்டு, எங்களுக்கு என்ன கதின்னு" கதவச் சாத்திட்டுப் போயிருவாவ. நடிகர் விவேக் 15ஆம் தேதி ஊசி போட்டாரு, 17ஆம் தேதி மாரடைப்புல இறந்துட்டாரு. ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டர்மாரு சொன்னத யாரு காதுல வாங்குதா? மே மாசம் ஊருக்குள்ள ஒவ்வொரு சாவா விழுந்துச்சு. உடனே அத்தன பேரும் விடியக்காலையில ஆரம்ப சுகாதார நிலையத்து வாசல்ல வந்து நிக்காவ. அப்ப பாத்து எங்ககிட்ட மருந்து இல்ல. "இன்று தடுப்பூசி இல்லை"ன்னு போர்டு எழுதிப் போட்டது நாந்தான். கூப்பிட்டப்ப வரல, வந்தப்ப இல்ல. அந்த ஜூன் மாசம் நாங்க வாங்குன ஏச்சு இருக்கே!

கோவிஷீல்டு ஒரு குப்பி பத்துப் பேருக்கு. தொறந்தா நாலு மணி நேரத்துல முடிக்கணும், இல்லன்னா கொட்டணும். ஏழு பேரு ஒக்காந்திருந்தா தொறக்கவா, வேண்டாமான்னு நெஞ்சு அடிச்சுக்கும். குப்பிக்குள்ள அஞ்சு மில்லிக்கு ஒரு சொட்டு கூடவே இருக்கும். அரை மில்லி சிரிஞ்சுல காத்துக் குமிழி இல்லாம, பொறுமையா, சிந்தாம எடுத்தா பதினொண்ணாவது ஆளுக்கும் தேறும். இதக் கைப்பழக்கத்துலதான் கத்துக்கிட முடியும். தமிழ்நாட்டுல வீணானது போயி, குடுத்ததவிடக் கூட ஊசி போட்டாவன்னு பின்னால பேரு வந்துச்சே, அது இப்படி எடுத்த பதினொண்ணாவது ஊசிங்கதான்.

செப்டம்பர் 12, ஞாயித்துக்கெழம, மெகா முகாம். மாநிலம் முழுக்க ஒரே நாள்ல 28 லட்சத்துக்கு மேல போட்டோம். எங்க பள்ளிக்கூடத்துல சாயங்காலம் ஆள் கொறஞ்சு போச்சு, தொறந்த குப்பி கையில இருக்கு. ஊசி மருந்து கேரியர வண்டி முன்னால வச்சுக்கிட்டு பீடி சுத்துற தெருவுக்குப் போயிட்டோம். பொம்பளைய பீடித் தட்ட மடியில இருந்து எறக்காமலே கைய நீட்டுனாவ. ஒரு கையில ஊசி ஏறுது, மறு கையி எலைய விடல.

பத்தும் முடிஞ்சு, பதினொண்ணும் சிரிஞ்சுல ஏத்தி வச்சாச்சு, ஆள் இல்ல. எதுத்த வீட்டுத் திண்ணையில ஒரு அண்ணாச்சி. ஊசி போட்டா ரெண்டே வருசத்துல ஆளு காலின்னு ஊர் குரூப்புல தெனம் பார்வர்டு போட்டவரு. நான் ஒண்ணும் பேசல, சிரிஞ்ச கையில வச்சுக்கிட்டு அவரையே பாத்தேன். சுத்தி முத்தி பாத்துட்டு சட்டைக் கைய மடக்குனாரு. "யாருட்டயும் சொல்லிராத தாயி"ன்னாரு. ரெண்டாவது டோஸுக்கும் அதே திண்ணைக்குத்தான் வரச் சொன்னாரு, இருட்டுனப்புறமா.